அவர் கேட்ட திருத்தக் கோப்பு

இதில் யாருடைய பெயரும் வராது. என் பெயரை அவர் போடவில்லை. அவர் பெயரை நானும் போடப்போவதில்லை. பெருந்தன்மை என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். பெயரைச் சொன்னால் நாலு பேர் தேடிப்போய் அவர் கட்டுரையைப் படிப்பார்கள். அந்த நாலு பேர்கூட என்னால் அவருக்குக் கிடைக்கக் கூடாது.

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒளியியல் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் உதவியாளராக வேலை பார்த்தேன். டிப்ளோமா படித்தவள். ஒப்பந்த வேலைதான், வருடக் கடைசியில் கடிதம் வந்தால் அடுத்த வருடம் உண்டு. அவர் அங்கே டாக்டர், ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர். தமிழர்தான். நம்ம ஆள் ஒருவருக்குக் கீழே வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"நீ எந்த எஸ்டேட்மா?"

"ரெங்கம் டாக்டர். எஸ்டேட்ல இல்ல, தாமான் வீட்லதான் இருக்கோம்."

"அது சரி. தாமானுக்கு எந்த எஸ்டேட்லேர்ந்து வந்தீங்க?"

சொன்னேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியதையும் சேர்த்தே சொன்னேன். "குட், குட். நல்லா உழைப்பீங்க" என்றார். தன் தாத்தா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்ததை நான் கேட்காமலேயே சொன்னார். அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வந்த பிறகுதான் பழையதையெல்லாம் தோண்டி எடுத்து மோந்து பார்க்கிறோம்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்ததன் ருசி தெரியாது.

சாதாரண நுண்ணோக்கியில் வெளிச்சம் பொருள் முழுவதையும் நனைத்துவிடும். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்து பளபளத்து, நாம் பார்க்க வேண்டியது மங்கிப்போகும். எங்களுடையதில் லேசர் ஒளி பக்கவாட்டிலிருந்து மெல்லிய தகடாக உள்ளே போகும். அந்தத் தகடு தொட்ட அடுக்கு மட்டும் ஒளிரும், மேலேயிருந்து காமிரா அதைப் படம் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தத் தகடு நடுவில்தான் மெல்லியதாக இருக்கும், இரண்டு ஓரமும் பருத்துவிடும். அதனால் ஒளிக்கே வேறு உருவம் கொடுக்க வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னத் திரை இருக்கிறது. அதில் வட்ட வட்டமாக ஒரு வடிவத்தை ஏற்றி, ஒளியை அதில் பட்டுத் திரும்ப விட்டால் அது நீளமான ஊசி போல ஆகிவிடும். வழியில் ஏதாவது தடுத்தாலும் சுற்றிப் போய் அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்த ஊசியை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால் கடைசி வரைக்கும் ஒரே மெலிவான தகடு கிடைக்கும்.

இதெல்லாம் எதற்கென்றால், பாமாயில் தரும் செம்பனையின் வேருக்காக. செம்பனையில் ஒரு பூஞ்சை நோய் உண்டு. மரம் வெளியே தளதளவென்று நிற்கும், உள்ளே அடிமரம் அழுகிக்கொண்டிருக்கும். அடியில் காளான் தலைகாட்டும்போது மரத்தின் கதை முடிந்திருக்கும். அதற்கு முன்னாலேயே வேருக்குள் அந்தப் பூஞ்சை இழை எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, அவர்கள் வேர் அனுப்புவார்கள், நாங்கள் படம் எடுத்துக் கொடுப்போம்.

வேரைத் தயார்செய்து கொண்டுவருவது அந்த நிலையத்தில் வேலை செய்த ஒரு மலாய் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்பதற்கு மலாயில் கக், நான் அப்படிக் கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்ற பொருளில் டிக் என்பார். வேரை மருந்தில் ஊறவைத்து ஊறவைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பூஞ்சையில் மட்டும் ஒட்டும் சாயத்தை ஏற்ற அவருக்கு ஆறு வாரம் பிடிக்கும். நடுவில் வெடித்துப்போவதும் புளித்துப்போவதும் போக ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அதைச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, ஈரத் துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே வேனில் வருவார். கூடவே எனக்கு ஒரு டப்பாவில் மரவள்ளிக்கிழங்கில் செய்த குயே பலகாரம் வரும்.

அந்தச் சாயத்துக்கு ஒரு சாபம் உண்டு. எந்த ஒளி பட்டால் ஒளிர்கிறதோ அதே ஒளிதான் அதைத் தின்னவும் செய்யும். கொஞ்ச நேரம் பட்டால் படம், அதிக நேரம் பட்டால் சாம்பல்கூட மிஞ்சாது. அதனால் எங்கள் வேலையில் முதல் ஒழுக்கம் ஷட்டர். லேசரின் வாயை மூடுகிற சின்ன மடல் அது. படம் எடுக்கும்போது திற, கையை எடுக்கும்போது மூடு. தும்மல் வந்தால்கூட முதலில் ஷட்டரை மூடிவிட்டுத்தான் நான் தும்முவேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று பலமுறை சந்தேகம் வந்திருக்கிறது, ஷட்டரில் ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் இயந்திரம் பிறவிக் கோணல். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடியைப் பொருத்தியவர்கள் திருகை அதிகமாக முறுக்கி அதை லேசாக வளைத்துவிட்டார்கள். மாற்றுவதற்கு ஒப்புதல் கேட்டு எழுதிய கடிதங்கள் எங்கே போயின என்று தெரியாது. ஒளி ஊசியைக் குறுக்கே வெட்டிக் காமிராவில் பார்த்தால் நடுவில் ஒரு புள்ளியும் சுற்றி வளையங்களும் தெரிய வேண்டும், கேரம் பலகையின் நடுவட்டம் போல. எங்களுக்கு அந்தப் புள்ளி நாலாக உடைந்து தெரிந்தது. அந்த ஒளியில் வேரைப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகக் கலங்கித் தெரியும்.

கோணலை நேராக்க முடியாதென்றால், அதற்கு எதிர்க் கோணலைத் திரையில் ஏற்றலாம். கண்ணாடி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரை இழுத்தால் இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். டாக்டர் இதற்கு ஒரு கணினி நிரல் எழுத ஆரம்பித்தார், பாதியில் விட்டார், மாநாட்டுக்குப் போனார். நான் கையால் செய்தேன். ஒவ்வொரு பிழையாக எடுப்பேன். ஒன்று ஒளிக்கு வால் முளைக்க வைக்கும், இன்னொன்று குறுக்கே இழுக்கும், மற்றொன்று மூன்று பக்கம் பிய்க்கும். ஒரு எண்ணைக் கொஞ்சம் கூட்டுவேன், புள்ளியைப் பார்ப்பேன், குறைப்பேன், மறுபடி பார்ப்பேன். சாயங்காலமானால் கட்டடத்தின் ஏர்கோனை நிறுத்திவிடுவார்கள், சூட்டில் விரிந்து காலையில் மேசையில் பொருத்தியதெல்லாம் மயிரிழை நகர்ந்து கிடக்கும், பதினோரு மணிக்குத்தான் நிலைக்கு வரும். அது வரைக்கும் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதம் போனது.

ஒரு மத்தியானம் நாலு துண்டும் நகர்ந்து வந்து ஒன்றாயின. வளையங்கள் வட்டமாகச் சுற்றி நின்றன. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்றைக்கு வேருடன் வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஷட்டரைத் திறந்தேன். வேரின் ஆழத்தில், குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு பூஞ்சை இழை போவது தனியாகத் தெரிந்தது.

"அலமாக்! டிக், இது நான் ஊறவைச்ச வேரா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே அக்கா திரையைத் தொடப் போனார்.

டாக்டர் வந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பேப்பர் எழுதுறோம். உன் பேரு செகண்ட்டா வரும். ஐ ப்ராமிஸ்" என்றார்.

அந்த வார்த்தைக்கு எனக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். பட்டம் இல்லாதவர்கள் வேலை அனுபவத்தைக் காட்டி மாஸ்டர்ஸ் சேர ஒரு வழி இருக்கிறது. நான் விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, உங்கள் பெயரில் ஏதாவது ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருக்கிறதா? வரப்போகிறது என்றேன். வந்ததும் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒரே ஒரு வரியில் என் பெயர் வந்துவிட்டால் ஒப்பந்தக் கடிதத்துக்காக வருடா வருடம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு முடிந்துவிடும். படிக்கலாம், பிறகு எனக்கென்று ஒரு மேசை கிடைக்கும். அந்த வரிக்காகத்தான் காத்திருந்தேன்.

கட்டுரை வெளிவந்த அன்று டாக்டர் எல்லோருக்கும் கறிபாப் வாங்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு தின்றேன். பிறகுதான் கட்டுரையைத் திறந்தேன். நாலு பெயர். முதலில் அவர். அடுத்து ஆய்வுக்கூடத்துக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத அவருடைய நண்பர். பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஒரு மாணவர். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்கு நன்றி.' கறிபாப் நெஞ்சில் நின்றது.

அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அது ஜர்னல் ரூல்மா. ஐடியா குடுத்தவங்க பேருதான் வரும். நீ செஞ்சது டெக்னிக்கல் ஹெல்ப். கையால செய்யறது வேற, மண்டையால செய்யறது வேற, இல்லையா? அடுத்த பேப்பர்ல பாப்போம்லா."

"சரி டாக்டர்" என்றேன். வெளியே வந்தேன். சரி என்று சொன்ன என் வாயைத்தான் முதலில் அறைந்திருக்க வேண்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்துவிட்டார்கள், அந்த வளர்ப்பு நமக்கு வேண்டாதவர்களுக்கே அதிகம் பயன்படுகிறது. மாஸ்டர்ஸ் இடம் போய்விட்டது. அடுத்த வருடம் முயற்சி செய்யுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன். வயிறு எரிந்தது என்பார்களே, அது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே எரியும். நான் எதையும் கெடுக்கவில்லை, உடைக்கவில்லை. சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அவர் சட்டைக் காலரில் மார்க்கர் மை அப்பியிருந்த நாளில் அப்படியே டீன் அறைக்குப் போகவிட்டேன். கூட்ட நேரம் மாறியதைச் சொல்லவில்லை. அவர் விளக்கப்படத்தில் எழுத்து தலைகீழாக இருந்ததைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இதெல்லாம் சில்லறைப் பழி. பசி அடங்கவில்லை.

பெரியது தானாக வந்தது, பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல. ஆராய்ச்சி நிலையம் எங்களுடையதைப் போலவே ஒரு நுண்ணோக்கியைத் தனக்கென்று வாங்கியது. ஆலோசகர் நம் டாக்டர். தலைமை அலுவலகத்திலிருந்தும் மற்றத் தோட்டக் கம்பெனிகளிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டு அதை இயக்கிக் காட்டப்போவதாக ஏற்பாடு. நாலு நாளைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எனக்குச் செய்தி அனுப்பினார். நம்முடைய திருத்தக் கோப்பை அனுப்பு, கடைசியாகச் செய்தது, அதை அங்கே ஏற்றிவிடலாம்.

வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். எட்டு மாதம் தேடிய எண்களைச் சேமித்துவைத்த அந்தக் கோப்பு எங்கள் கண்ணாடியின் கோணலுக்கு எதிர்க் கோணல். புது இயந்திரத்தில் அந்தக் கோணலே கிடையாது. நேரான இயந்திரத்தில் அதை ஏற்றினால் எதைச் சரிசெய்ய உண்டாக்கினேனோ அதையே அங்கே கொண்டுபோய்ப் புகுத்திவிடும். ஒருவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நல்ல பார்வை உள்ளவருக்கு மாட்டிவிடுவது மாதிரி. ஒரு வாரம் கையால் செய்து பார்த்த எவருக்கும் இது தெரியும். அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியவருக்குத் தெரியவில்லை! நோகாமல் நோன்பு கும்பிட்டால் இதுதான்.

'இது அந்த மெஷினுக்குப் பொருந்தாது டாக்டர்' என்று தட்டினேன். அனுப்பும் குறியின் மேல் விரலை வைத்திருந்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கோப்பை இணைத்து அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. கேபிள்களைத் தூக்கிக்கொண்டு நீயும் வந்துவிடு என்று அடுத்த செய்தி. அவர் கூப்பிடாவிட்டாலும் லீவு போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அவர் காரில்தான் போனோம். நெடுஞ்சாலையில் ஓய்விடத்தில் நிறுத்தி எனக்குத் தே அய்ஸ் வாங்கிக் கொடுத்தார், ஸ்ட்ராவைக்கூட அவரே குத்திக் கொடுத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நானும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வழி முழுவதும். அவர் தன் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். 'எனது ஒளிக்கற்றை' என்று அதில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, பாதியில் விட்டுவிட்டேன்.

நிலையத்தின் வாசலிலேயே அக்கா நின்றிருந்தார். புது பாஜு கூரோங் உடுப்பு, கண்ணில் மை. கையில் ஈரத் துணி சுற்றிய பெட்டி.

"டிக், இந்தத் தடவை ஒன்னே ஒன்னுதான் தேறுச்சு. ஆனா இதுவரைக்கும் இவ்வளவு தெளிவா வந்ததே இல்ல, பாரு" என்று துணியை விலக்கிக் காட்டினார். வேர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. "எல்லாம் முடியட்டும், உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு" என்று என் கையை அழுத்தினார். எனக்கு அப்போது வேறு எந்தச் சேதியும் காதில் ஏறும் நிலையில் இல்லை. நான் கல்யாண வீட்டுப் பந்திக்கு உட்கார்ந்தவளைப்போல அறையின் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பது பேர் இருப்பார்கள். டாக்டர் பேசினார், நன்றாகப் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. அக்கா பெட்டியை உள்ளே வைத்தார். டாக்டர் கோப்பை ஏற்றினார், ஷட்டரைத் திறந்தார்.

சுவரில் தெரிந்தது மழையில் நனைந்த பத்திரிகைத் தாள் போல இருந்தது. இழையும் இல்லை, குழாயும் இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே எதையோ திருகினார். இன்னும் மோசமானது. பக்கத்துத் திரையில் ஒளிப்புள்ளி நாலாக உடைந்து நின்றது. எனக்கு மட்டும் அது பழைய சிநேகிதியின் முகம்.

நிலையத்தின் மேலாளர், சீனர், முன்வரிசையிலிருந்து மரியாதையாகக் கேட்டார். "டாக்டர், இது இப்படித்தான் இருக்குமா?"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் குனிந்து தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன ஃபைல்மா குடுத்த?"

"நீங்க கேட்ட ஃபைல்தான் டாக்டர். கடைசியா செஞ்சது."

"அப்பறம் ஏன் இங்க வேலை செய்யல?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாலு நாளாகத் தூங்காமல் இருந்தேன். நான் எழுந்து நின்று, மலாயில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன். இந்தத் திருத்தம் எங்கள் கண்ணாடியின் கோணலுக்காகச் செய்தது, இந்த இயந்திரத்தில் அந்தக் கோணல் இல்லை, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதனதன் திருத்தத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும், செய்து பழகியவர்களுக்கு இது தெரியும். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தியே சொன்னேன்.

அறையில் யாரோ இருமினார்கள். மேலாளர் என்னைப் பார்த்தார். "உங்களால முடியுமா?"

"அரை மணி நேரம் குடுங்க."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். நான் உட்கார்ந்தேன். வழக்கமாகத் திருத்தம் செய்யும்போது ஒளியை மிகவும் குறைத்து வைத்துக்கொள்வேன், சாயத்துக்குப் பாதகம் வராதபடி. அன்றைக்குப் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே! கூட்டிவைத்தேன். மமதைதான், வேறென்ன. என் கோப்பை நீக்கிவிட்டு ஒவ்வொரு பிழையாக எடுத்தேன். ஷட்டரை நொடி நேரம் திறந்து பார்த்து மூடிக்கொண்டே கூட்டினேன், குறைத்தேன். புது இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்டது. புள்ளி சேர்ந்தது, வளையங்கள் வட்டமாயின. சுவரில் வேர் எழுந்து நின்றது. குழாய்ச் சுவர்கள், அவற்றுக்கு நடுவே கிளைகிளையாகப் போகும் பூஞ்சை இழைகள், எங்கள் பழைய இயந்திரத்தில் நான் பார்த்தே இராத நுணுக்கம். கை தட்டினார்கள். மூலையில் அக்கா இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டிருந்தால் போதும். ஜெயித்துவிட்டேன், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படத்தைச் சேமிக்கக் கையை நீட்டினேன். அப்போது டாக்டர் வந்து என் நாற்காலியின் முதுகில் கையை வைத்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என் டெக்னீஷியன்" என்றார் ஆங்கிலத்தில். "எஸ்டேட் பொண்ணு, டிப்ளோமா மட்டும்தான். ஒன்னும் தெரியாம வந்தாங்க. ஸ்டெப் பை ஸ்டெப்பா நான்தான் கத்துக்குடுத்தேன். இன்னைக்கு வேணும்னேதான் இவங்கள செய்ய விட்டேன். ஒரு நல்ல மெத்தட்னா யார் வேணும்னாலும் செய்யலாம், அதுதான் பாயிண்ட்."

மறுபடி கை தட்டினார்கள். இந்த முறை அவருக்கு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லி வைத்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கை தானாகப் போனது. எண்கள் எல்லாவற்றையும் முதலில் ஏற்றிய கோப்பின் நிலைக்கே திருப்பும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினேன். சேமிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். சுவரில் இருந்த வேர் கலங்கி, பரவி, மங்கிப்போனது.

"டாக்டர்தானே கத்துக்குடுத்தாரு" என்று மலாயில் சொன்னேன். "அவரே இன்னும் நல்லா செஞ்சு காட்டுவாரு."

எழுந்து, கதவைத் திறந்து, வெளியே நடைபாதைக்குப் போனேன். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தார். ஒன்றைக் கூட்டினார், புள்ளிக்கு வால் முளைத்தது. இன்னொன்றைக் குறைத்தார், குறுக்கே இழுத்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மறுபடி திருகினார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முன்வரிசையில் இரண்டு பேர் கைப்பேசியை எடுத்தார்கள், பின்வரிசை எழுந்து போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அரை மணி நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் காது மடல் சிவந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. பாரு, நல்லா பாரு, கையால செய்யறது எப்படின்னு பாரு என்று கண்ணாடியில் மூச்சுப் படியச் சொன்னேன்.

கடைசியில் மேலாளர் எழுந்து, சாப்பாடு தயார் என்று அறிவித்தார். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. மேலாளர் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக அக்கா வெளியே வந்தார். கையில் கண்ணாடிப் பெட்டி.

"டிக், ஷட்டர் திறந்தே இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஒளியைக் கூட்டியிருந்தது நான். ஷட்டரை மூடாமல் எழுந்து வந்தது நான். ஆறு வருடத்தில் முதல் முறையாக. டாக்டருக்கு அந்தப் பழக்கமே கிடையாது, அவர் கண்டபடி திருகிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் முழு வெளிச்சம் வேரின் மேல் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியை வாங்கிப் பார்த்தேன். வேர் முழுசாக இருந்தது, கண்ணாடி போலவே இருந்தது. உள்ளே சாயம் செத்துவிட்டது. படம் எதுவும் சேமிக்கப்படவில்லை, வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

"உள்ள போயி கம்மியா வச்சுப் பாக்கலாம் கக், கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்" என்றேன்.

"பாத்துட்டேன். ஒன்னும் இல்ல."

பிறகு அவரே சொன்னார். "சேதி இருக்குன்னேன்ல. இன்னைக்குப் படம் நல்லா வந்துச்சுன்னா அடுத்த பேப்பர்ல என் பேர் போடறேன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அத வச்சு ஆராய்ச்சி உதவியாளர் போஸ்ட்டுக்கு எழுதிப்போடலாம்னு இருந்தேன். பிள்ளைங்ககிட்டகூட சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது மறுபடியும் அந்த மனிதன் மேல் ஆத்திரம்தான். அதே வார்த்தை, அதே பொய், இவரிடமுமா! "அவரு போடமாட்டாரு கக்" என்று கத்திவிட்டேன். "என்கிட்டயும் இதேதான் சொன்னாரு. சத்தியமா போடமாட்டாரு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போடுவாரோ மாட்டாரோ, அது அவர் பாடு டிக். வேர் என்னோடது. அத நீதானே எரிச்ச?"

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஈரத் துணியை மறுபடி சுற்றவில்லை. தண்ணீர்த்தொட்டி இருந்த அறைக்குள் போனார், குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

டாக்டர் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கிராப் டாக்சி பிடித்து ரெங்கத்துக்கு வீட்டுக்குப் போனேன். வருடக் கடைசியில் எனக்குக் கடிதம் வரவில்லை, எதிர்பார்த்ததுதான். இப்போது சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் லென்ஸ்களைச் சோதிக்கும் வேலை, விடிவதற்கு முன்னால் பாலத்தைத் தாண்டிப் போகிறேன். மாஸ்டர்ஸ் சேரவில்லை. அக்காவுக்கு எத்தனையோ செய்தி அனுப்பினேன். நீலக் குறி விழும், பதில் வராது.

அவருக்குச் செய்ததற்கு எனக்கு இன்றும் வருத்தமில்லை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி செய்வேன். தொழிற்சாலை பஸ்ஸில், கல்யாண வீடுகளில், தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களிடம் இந்தக் கதையை நிறையச் சொல்லியிருக்கிறேன். எஸ்டேட் பொண்ணு என்று அவர் சொன்ன இடத்தில் எல்லோருக்கும் ரத்தம் கொதிக்கும். பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போனேன் என்றதும் சபாஷ் என்று என் முதுகில் தட்டுவார்கள். நானும் அந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு, அவர்கள் கொடுக்கும் டீயை வாங்கிக் குடிப்பேன்.